கல் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே குவியும் மனுக்களில் நிலத்தைப் பற்றிய மனு இல்லாத வாரம் இருக்காது. பட்டா மாறுதல், பாதைத் தகராறு, வரப்புத் தகராறு, ஆக்கிரமிப்பு என்று பொருள் வரி மாறும். உள்ளே போய்ப் பார்த்தால் பல மனுக்களின் அடியில் ஒரே சங்கதிதான் கிடக்கும்: வயலில் கல் ஒரு பக்கம் நிற்கிறது, புலப்படத்தில் கோடு இன்னொரு பக்கம் ஓடுகிறது.

அந்தக் கோட்டை யார் திருத்தலாம், எப்படித் திருத்த வேண்டும், திருத்தம் என்ற பேரில் எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். அவையில் விவசாயிகள் இருக்கிறார்கள், மனை வாங்கியவர்கள் இருக்கிறார்கள், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று தரப்புக்கும் இது வீட்டுப் பிரச்சினை.

முதலில் புலப்படத்தைக் கையில் எடுப்போம். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாள், ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு படம் என்ற கணக்கில் இருக்கும். மூலைக் கற்களை இணைத்து நேராக இழுத்த கோடு ஜி-லைன். நிலத்தின் எல்லை உண்மையில் வளைந்து நெளிந்து போகும் கோடு எஃப்-லைன். ஜி-லைனில் இத்தனை மீட்டர் நடந்து, அங்கிருந்து செங்கோணமாகத் திரும்பி இத்தனை மீட்டர் போனால் எல்லை வளையும் புள்ளி கிடைக்கும். அந்தத் திரும்பிய தூரத்தை ஆஃப்செட் என்பார்கள். குறுவட்ட அளவர் வயலுக்கு வந்ததும் தேடுவது உங்கள் வரப்பை அல்ல. இரண்டு மூன்று புலங்கள் கூடும் இடத்தில் நட்ட பழைய கல்லைத்தான் தேடுவார். அது அகப்பட்டால்தான் சங்கிலியை எங்கிருந்து இழுப்பது என்பது தெரியும். அந்தக் கல் பத்து அடி நகர்ந்திருந்தால் அதிலிருந்து இழுக்கும் கோடுகளெல்லாம் அதோடு சேர்ந்து நகரும்.

கல் நகர்வதற்கு நம் மண்ணில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. குன்னம், வேப்பூர் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதிக்கொள்ளும். அதில் நட்ட கல் நேராக நிற்பது கடினம். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வருஷா வருஷம் டிராக்டர் ஓட்டும் நிலத்தில் கொழு பட்டுக் கல் சாயும், பிறகு யாரோ அதைத் தூக்கி வரப்பில் போட்டுவிடுவார்கள். செந்துறை, ஆண்டிமடம் பகுதியின் முந்திரிக் காடுகளில் கல்லை விட மரமே எல்லையாகப் பேசப்படும், அந்த மரமும் ஒரு புயலில் போய்விடும். அரியலூரில் நிலைமை இன்னும் கடுமை. 1979-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, அதைத் தொடர்ந்து தனியார் ஆலைகளும் வந்தன. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த சுரங்கங்களில் கல் நட்ட தரையே இப்போது இல்லை. சுரங்கத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயி தன் எல்லையை அளக்கச் சொன்னால், அளவர் தொடங்க வேண்டிய இடம் ஆழப் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் இருக்கிறது.

நிலத்தில் மட்டும் பிசகு நேர்வதில்லை, தாளிலும் நேரும். பழைய புலப்படங்கள் கண்டர் சங்கிலிக் கணக்கில் போடப்பட்டவை. சங்கிலிக்கு 66 அடி, அதில் 100 லிங்க். படத்தில் 250 லிங்க் என்று இருந்தால் மீட்டரில் 50.3 வரும். லிங்கை மீட்டராக்கும்போது ஓர் இலக்கம் பிசகினால் எல்லை தெருவுக்குப் போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. கிராமத்து அ-பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், பெரும்பாலும் அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதியிருப்பார்கள். அரை ஏர் என்பது 50 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 538 சதுர அடி. நிலம் பருத்திக் காடாக இருந்த காலத்தில் இந்த ஏற்ற இறக்கம் யாருக்கும் உறுத்தவில்லை. அதே புலம் இன்று நான்கு வழிச்சாலையோரம் 1,200 சதுர அடி மனைகளாக வெட்டப்படும்போது 538 சதுர அடி என்பது ஒரு குடும்பத்தின் சமையலறையும் கூடமும் சேர்ந்த அளவு.

அளந்து எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கன் 1086-ல் நாட்டை அளக்கச் செய்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னனின் டூம்ஸ்டே பதிவேடு உருவானதும் அதே 1086-ல்தான். கம்பெனி ஆட்சியில் வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் வருவாய் அளவை அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து வந்தது. இன்று நம்மைக் கட்டுப்படுத்துவது 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். உடையார்பாளையம் ஜமீனில் இருந்த கிராமங்கள் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால்தான் ரயத்துவாரி நிலவரிக்குள் வந்தன. அடுத்து 1979 முதல் 1987 வரை நடந்தது யு.டி.ஆர். திட்டம். ஊர் ஊராகப் பட்டாவைப் புதுப்பித்த அந்தத் திட்டத்தில் விழுந்த பிழைகளை இன்றும் பேரன்கள் சுமக்கிறார்கள்.

மாவட்ட எல்லையும் சும்மா இருக்கவில்லை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு பழைய கோப்பைத் தேடுகிறவர் மூன்று மாவட்டங்களின் பெயரைக் கடந்து போக வேண்டும்.

இனி திருத்தத்துக்கு வருவோம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளலாம். சர்வே எண் 112, உட்பிரிவு 2. அண்ணன் தம்பி பாகம் பிரித்ததும் அது 112/2ஏ, 112/2பி ஆகிறது. அண்ணன் பாதியை விற்றதும் 2ஏ1, 2ஏ2 ஆகிறது. பத்து வருஷம் கழித்து ஒருநாள் கணினியில் படத்தை எடுத்துப் பார்த்தால், தம்பியின் வடக்கு எல்லை 48.6 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 46.8 என்று இருக்கிறது. இலக்கம் இடம் மாறிய எழுத்துப் பிழை. பழைய மூலப்படத்தையும் உட்பிரிவு ஆவணத்தையும் எடுத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். யாருடைய உரிமையும் மாறாது, மாறக் கூடாது. இந்தத் திருத்தத்துக்காக ஒரு விவசாயியை மாதக்கணக்கில் அலைய விடுவது அநியாயம்.

இன்னொரு வகைத் திருத்தத்தில் படம் சரியாகத்தான் இருந்தது, காலம் மாறிவிட்டது. பாகப்பிரிவினை, கிரயம், சாலைக்கு நிலம் எடுப்பு ஆகியவற்றால் புதுக் கோடு போட வேண்டியிருக்கிறது. இது பிழை நீக்குவது அல்ல, படத்தை நடப்புக்குக் கொண்டுவருவது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலைக்கும் ஜெயங்கொண்டம் வழியே சிதம்பரம் போகும் சாலைக்கும் எடுத்த நிலங்களில் ஒரே புலம் துண்டுபட்டு, சாலைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆகியிருக்கும். சாலைக்குப் போனதைக் கழித்து மிச்சத்துக்குத் தனி உட்பிரிவு எண் கொடுத்தால்தான் மிச்சம் யாருடையது, எவ்வளவு என்பது நிற்கும்.

கடைசி வகை வேறு மாதிரி. பக்கத்துக்காரர் பத்து சென்ட்டைப் பல வருஷமாக உழுகிறார். "எங்க அப்பா காலத்துலேருந்து எங்க கையிலதான் இருக்கு, படம்தான் தப்பு" என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அது படப் பிழை அல்ல, உரிமைத் தகராறு. அதைத் தீர்க்க வேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நன்றாகவே யோசித்து எழுதப்பட்டிருக்கிறது. தகராறில்லாத எல்லையை 9-ஆம் பிரிவின் கீழ் அளவை அலுவலர் பதிவு செய்யலாம். தகராறு இருந்தால் 10-ஆம் பிரிவின் கீழ் விசாரித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 11-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அளவை முடிந்ததை 13-ஆம் பிரிவில் அறிவித்துவிட்டால் அந்த எல்லை அறுதியானது. அதை மாற்ற வேண்டுமென்றால் 14-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பட்டாவைப் பொறுத்தவரை 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் இருக்கின்றன.

இரு மாவட்டத்திலும் நடக்கும் நிலச் சண்டைகளில் மிகவும் வேதனை தருவது, உரிமைத் தகராறு எழுத்துப் பிழையின் வாசல் வழியாக நுழைவதுதான். "சிறு திருத்தம்" என்று ஒரு மனு போகிறது, பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போவதில்லை, அல்லது சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்ப்பவரின் பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டப்படுகிறது. அவர் விடுமுறைக்கு ஊர் வரும்போது வரப்பு நகர்ந்திருக்கிறது, படமும் அதற்கு ஏற்றாற்போல் மாறியிருக்கிறது. எல்லைத் திருத்தம் என்ற வேலையை மேசையில் உட்கார்ந்து முடிக்கவே கூடாது. பக்கத்துக்காரர்களை வரவழைத்து, வயலில் நின்று, கல்லைக் காட்டி, கையெழுத்து வாங்கிச் செய்ய வேண்டிய வேலை அது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அவர் பெயரில் உள்ள கைபேசி எண்ணுக்கும் தகவல் போக வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பத்திரத்தில் தவறு இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் பதியலாம். விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அதைப் பதிந்துவிட்டால் புலப்படமும் சரியாகிவிட்டது என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சரியாகாது. பத்திரம் பதிவுத்துறையின் கையில், பட்டா வருவாய்த்துறையின் கையில், புலப்படம் நில அளவைத் துறையின் கையில். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் தானாகத் திருந்துவதில்லை. பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்குத்தான் முதலிடம் கொடுக்கின்றன. அதனால் சக்குபந்தி எனப்படும் நான்கெல்லையை எழுதும்போது "கிழக்கே பாதை" என்று மொட்டையாக எழுதாமல், யார் நிலம், எந்த சர்வே எண், பாதையின் அகலம் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள்.

மனைப்பிரிவுக்கு வந்தால் இன்னொரு உலகம் திறக்கிறது. நெடுஞ்சாலையோரக் காடுகளில் கொடி கட்டி, கல் நட்டு, மனை விற்ற காலத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல இடங்களில் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற ஒரு முத்திரைதான் ஆதாரம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி தேவையான தொழில்நுட்ப அனுமதி இருக்காது. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த வழக்கில், அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும் மாநிலம் முழுதும் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவு நின்றது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகள் அதற்குள் வரலாம் என்றார்கள்.

வரன்முறை மனையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வரைபடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அது நிரப்பவில்லை. 23 அடி என்று படத்தில் போட்ட தெரு நிலத்தில் 18 அடியாக இருந்தால், யாருடைய மனையிலிருந்து அந்த ஐந்து அடியை எடுப்பது? கழிவுநீர் வாய்க்கால் போட ஊராட்சி வரும்போதுதான் இந்தக் கேள்வி தெருவில் வெடிக்கும்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது பொது இடம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா போன்ற திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட முடியாது, நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும். இந்த ஒதுக்கீட்டு விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் தானப் பத்திரம் எழுதியதோடு வேலை முடிவதில்லை. பூங்காவுக்கும் தெருவுக்கும் தனி உட்பிரிவு எண் போட்டு, வருவாய்க் கணக்கில் உள்ளாட்சியின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட இடங்களில் பட்டா பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே தொங்கும். அவர் காலமான பிறகு வாரிசுகள் வாரிசுச் சான்றோடு வந்து, மனைப்பிரிவு வரைபடத்தைத் "திருத்தி" பூங்காவை இரண்டு மனையாக்கப் பார்ப்பார்கள். ஊராட்சித் தலைவர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்: உங்கள் ஊரில் உள்ள ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் தானப் பத்திரம் இருக்கிறதா, அதற்கான பட்டா மாறியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

பெங்களூரில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அங்கே ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று வரைபடத்தில் விட்ட இடத்தை, மேலிடத்து உத்தரவின் பேரில் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. மனை வாங்கியவர்கள் வாங்கியது தங்கள் மனையை மட்டுமல்ல, வரைபடத்தில் இருந்த காற்றையும் வெளிச்சத்தையும் நடக்கும் இடத்தையும் சேர்த்துத்தான்.

படத்தை ஒழுங்காகத் திருத்தும் முறை எப்படி இருக்க முடியும் என்பதற்குக் கலிபோர்னியாவின் மனைப்பிரிவு வரைபடச் சட்டம் நல்ல பாடம். அங்கே பதிவான வரைபடத்தில் தூரமோ திசைக்கோணமோ தவறாக இருந்தால், உரிமம் பெற்ற அளவரோ பொறியாளரோ ஒரு திருத்தச் சான்றையோ திருத்த வரைபடத்தையோ தயாரித்துக் கையெழுத்திட வேண்டும். என்ன மாறியது என்பதை விவரமாக எழுத வேண்டும். முதல் வரைபடம் பதிவான நாளில் அந்த நிலம் யார் யார் பெயரில் இருந்தது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். அரசு அளவர் அதைச் சரிபார்த்து, சட்டம் அனுமதித்த திருத்தம் மட்டும்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று சான்றளித்த பின்பே பதிவாகும். பழைய வரைபடம் அப்படியே இருக்கும். நூறு வருஷம் கழித்து ஒருவர் போய்க் கேட்டாலும் கோடு எங்கிருந்து எங்கே போனது, யார் நகர்த்தினார்கள் என்பது தெரியும்.

நம்மிடமும் இந்தப் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. பழைய காகிதப் படங்களை எடுத்துப் பார்த்தால், அடித்த பழைய கோடும் வேறு மையில் போட்ட புதுக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஓரத்தில் சுருக்கொப்பம் இருக்கும். தமிழ்நிலம் மென்பொருளும் கணினிப் புலப்படமும் வந்தது பெரிய நன்மை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நாள் முழுதும் காத்துக் கிடந்து வாங்கிய படத்தை இன்று கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் தெரிவது இன்றைய படம் மட்டும். நேற்று அது எப்படி இருந்தது, எந்த ஆணையால் மாறியது என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியும் ஆணை எண்ணும் முந்தைய படமும் அதே பக்கத்தில் கிடைக்கச் செய்வது துறையின் கடமை. ரோவர் கருவி கொண்டு மிகத் துல்லியமாக அளக்கும் காலம் வந்துவிட்ட பிறகு இது இன்னும் அவசரம். புது அளவைக்கும் பழைய படத்துக்கும் கட்டாயம் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் பழைய படத்தின் மேல் பூசிவிடக் கூடாது.

ஜெயங்கொண்டத்தில் இதற்கான பெரிய பரீட்சை காத்திருக்கிறது. பழுப்பு நிலக்கரி, அனல் மின் திட்டத்துக்காக 1990-களில் அந்தப் பகுதிக் கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. திட்டம் வரவே இல்லை. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. கால் நூற்றாண்டு கழித்து, எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பட்டா நிலத்தை உடையவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. நல்ல முடிவு, விவசாயிகள் போராடிப் பெற்ற முடிவு. ஆனால் திருப்பித் தருவது என்றால் எந்தப் படத்துக்குத் திரும்புவது? நிலம் எடுத்தபோது கணக்கில் இருந்த தாத்தா இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் முந்திரித் தோப்பை வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் அனுபவித்து வருகிறார்கள். பழைய பெயருக்கே பட்டாவைத் திருப்பினால் அடுத்த நாளே வாரிசுச் சண்டை. இன்றைய அனுபவத்தைப் பார்த்து நேராகப் புது உட்பிரிவு போட்டால், வெளியூரில் இருக்கும் அக்கா தங்கைகளின் பாகம் காணாமல் போகும். 1989-ல் தமிழ்நாடு பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை கொடுத்த சட்டத்தை அப்படி ஒரு பென்சில் கோட்டில் தோற்கடிக்க முடியும். முதலில் பழைய படத்தை அப்படியே மீட்டு, அதன்மேல் வாரிசுகள் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் கொடுத்து, அதன்பிறகே புதுக் கோடு போடுவதுதான் நியாயமான வரிசை.

கடைசியாக, கையோடு செய்யக்கூடிய ஒரு காரியம். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது. அதையொட்டி மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொரு வட்டத்திலும் ஜமாபந்தி எனப்படும் கணக்குத் தணிக்கை நடக்கும். கிராமக் கணக்குகள் அத்தனையும் அன்றைக்கு ஒரே மேசையில் இருக்கும். உங்கள் சர்வே எண்ணுக்கான சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றின் நகலையும் முன்கூட்டியே வாங்கி, பத்திரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எந்த வகைப் பிழை என்பதை முதல் வரியிலேயே எழுதி மனுக் கொடுங்கள். எழுத்துப் பிழை என்றால் மூலப்படத்தை ஒப்பிடக் கேளுங்கள். உட்பிரிவு என்றால் பக்கத்துக்காரர்களின் பெயரையும் முகவரியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்தப் பந்தலை விட்டு வெளியே வராதீர்கள்.